கணப்புக்குள் ஓர் அடுப்பு



அரியாங்குப்பத்தில் நம் வீடுகளுக்குக் கணப்பு தேவைப்பட்டதில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையைக் கூடுதலாக எடுத்தால் நமது குளிர்காலம் கழிந்துவிடும். ஆயினும் புதுச்சேரி மண்ணில் பிறந்தவர்களில் பலருக்குப் பிரான்சில் ஓர் உறவாவது உண்டு. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று பாரீஸின் சுற்றுநகரங்களில் வாழ்கின்றனர். நம் தங்கையும் அவ்வாறே சார்செல் என்னும் ஊரில், மச்சானின் அத்தா பிரெஞ்சு இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வாங்கிய பழைய கல்வீட்டில் குடியிருக்கிறார். 2021 முதல் நம் உம்மாவும் அவரோடு இருக்கிறார்கள்.

அவ்வீட்டுக் கூடத்தின் சுவரில் பெரிய கணப்பு ஒன்று உண்டு. மேலே கருவாலி மர உத்திரம். அதற்கு மேல் கூரைவரை செங்கற் புகைபோக்கி. 2022இல் உக்ரைன் போரினால் எரிவாயுக் கட்டணம் உயர்ந்தபோது, மச்சான் அந்தக் கணப்பில் விறகை எரிக்கத் தொடங்கினார். பார்வைக்கு அழகு; பயனோ சொற்பம். திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் அறைக்குக் கிடைக்கும். மற்றது புகையோடு மேலே போய்விடும். போகும்போது அறையிலிருந்த சூடான காற்றையும் இழுத்துச் செல்லும். காற்று திசைமாறும் நாட்களில் புகை கூடத்துக்குள் திரும்பியது. உம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு.

அந்த நவம்பரில் தங்கை தொலைபேசியில் கேட்டார்: "அண்ணே, கணப்புக்குள்ள வைக்கிற இரும்பு அடுப்பு ஒண்ணு இருக்கு. கடையில இருபத்துநாலு மாசத் தவணைக்குத் தர்றாங்க. கொஞ்சம் வட்டி வருது. உம்மாவுக்காகக் கேக்குறேன்."

நாம் யோசிக்கவில்லை. வட்டி கூடாது என்றோம். துஆச் செய்துவிட்டுத் தொலைபேசியை வைத்தோம். சொன்ன சட்டத்தில் பிழையில்லை. இன்று கேட்டாலும் அதையே சொல்வோம். ஆனால் வேறு வழி உண்டா என்று ஒரு கேள்விகூட நாம் கேட்கவில்லை. அந்த ஜனவரியில் உம்மா நெஞ்சுச்சளி முற்றி ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார்கள். மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பேணுதலைப் பாடமாக நடத்திவிட்டு, மாலையில் அச்செய்தியைக் கேட்டவர் நாம்.

வழியைக் காட்டியவர் அவ்வூர்ப் பள்ளிவாசலில் மச்சானோடு தொழும் மொராக்கோ நாட்டுக் கொத்தனார் ஒருவர். திறந்த கணப்பை மூடிய அடுப்பாக மாற்றுவோருக்கு, வருமானத்தைப் பொறுத்து அரசே உதவித்தொகை தருகிறது. 2020இல் தொடங்கிய 'மா ப்ரீம் ரெனோவ்' என்பது அதன் பெயர். வேலை தொடங்குமுன் விண்ணப்பிக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற கைவினைஞரே பொருத்த வேண்டும். ஆனால் பணம், வேலை முடிந்த பிறகே வரும். மொத்தச் செலவு ஐயாயிரம் யூரோவை நெருங்கியது. கைக்காசு போக மீதியை அந்தக் கொத்தனாரே அழகிய கடனாகக் கொடுத்தார். எழுதிக்கொள்ள வேண்டாம், நம்பிக்கை போதும் என்றாராம் அவர். இம்முறை நாம் விடவில்லை. குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதே என்று சொல்லி, இரு சாட்சிகளோடு எழுதச் செய்தோம்.

2023 அக்டோபரில் வேலை நடந்தது. முதலில் புகைபோக்கியைத் துடைத்தார்கள். பல்லாண்டுக் கரி மூட்டையாக இறங்கியதாம். பிறகு கூரையிலிருந்து துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை உள்ளே இறக்கினார்கள். செங்கற் புகைபோக்கி இருக்க அது எதற்கு என்று நாமும் கேட்டோம். மூடிய அடுப்பிலிருந்து வரும் புகை குறைவாகவும் சூடு தணிந்தும் வருவதால், அகன்ற பழைய வழியில் அது மேலும் குளிர்ந்து தாராக ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பற்றும். ஒடுக்கமான குழாயில் புகை குளிருமுன் வெளியேறிவிடும். கருவாலி உத்திரத்துக்கும் சூடு தாக்காதபடி தகட்டுக் காப்பு வைத்தார்கள். அதன் பின்னரே வார்ப்பிரும்புப் பெட்டியை இருவர் சேர்ந்து கணப்புக்குள் தள்ளினார்கள். முன்பக்கம் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கதவு. கீழே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்பி. இத்தகைய அடுப்பில் வெப்பத்தின் நான்கில் மூன்று பங்கு வீட்டுக்குள் தங்கும் என்கிறார்கள். புகை எச்சரிக்கைக் கருவி அந்நாட்டு வீடுகளில் 2015 முதல் கட்டாயம். அதோடு கார்பன் மோனாக்சைடுக்கும் ஒன்று வாங்கி மாட்டினார் மச்சான். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார்.

2024 ஜனவரியில் நாம் போய்ச் சேர்ந்தபோது உம்மா அடுப்புக்கு எதிரே நாற்காலியில் இருந்தார்கள். சென்ற குளிர்காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் கையைப் பிடித்துப் பார்த்து, "கை சில்லுன்னு இருக்கே, கிட்ட வந்து உக்காரு வாப்பா" என்றார்கள். நமக்கு அது போதுமான தண்டனையாக இருந்தது.

ஒரு செய்தி மட்டும் அவ்வீட்டில் விவாதமாயிற்று. இரவில் பெரிய கட்டை ஒன்றை வைத்துக் காற்றைக் குறைத்துவிட்டால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும் என்றார் மச்சான். உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்ற நபிமொழியை உம்மா நினைவூட்டினார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்த செய்தி புகாரியில் உள்ளதுதான். தீங்கு பற்றிய அச்சமே அத்தடைக்குக் காரணம், அச்சம் நீங்கினால் குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குவதை நாம் எடுத்துச் சொன்னோம். ஆனால் அடுப்பைப் பொருத்தியவரும் வேறு காரணத்தால் அதையே தடுத்திருந்தார்: காற்றை அடைத்துக் கனலவிட்டால் தார் படியும், நச்சுவாயுவும் கூடும், காய்ந்த விறகைச் சுடரோடு எரித்து முடிப்பதே முறை. அங்கே விறகை ஸ்தேர் கணக்கில், அடுக்கிய ஒரு கன மீட்டர் அளவில் விற்கிறார்கள். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டாண்டு காயவைக்கிறார்கள். நம் தோப்பு விறகை மழையில் நனையவிட்டு எரிக்கும் நாம் அதைக் கேட்டுச் சற்று வெட்கப்பட்டோம்.

ஆகவே இஷாவுக்குப் பின் எவரும் புதுக்கட்டை வைப்பதில்லை. நாம் அங்கிருந்த பதினெட்டு இரவுகளும் உம்மா தஸ்பீஹுடன் கண்ணாடிக்கு முன் அமர்ந்திருப்பார்கள். கடைசிக் கங்கு கறுத்த பிறகே, "அணைஞ்சிருச்சு, போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு எழுவார்கள்.