கேட்டால்தான் சொல்லும்

ஓய்வு பெற்று 10 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் நடை, பிறகு பேப்பர், பிறகு லேப்டாப். இந்த மூன்றாவதைத்தான் என் வீட்டம்மா "உங்க சின்ன வீடு" என்பாள். நான் எதையாவது நோண்டி அதைக் கெடுப்பதும், பெங்களூரில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரன் தொலைபேசியில் சரிசெய்வதும் வழக்கமாக இருந்தது. போன தீபாவளிக்கு வந்தவன், "தாத்தா, நீங்க என்ன பண்ணாலும் பழைய நிலைக்குத் திரும்புற மாதிரி ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று நிக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்துப் போனான்.

அது மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் நிரல். பிறந்தது நெதர்லாந்தில். ஈல்கோ டோல்ஸ்ட்ரா என்பவர் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006ல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு இதைப் பற்றியதுதான். நிறுவும் ஒவ்வொன்றுக்கும் 32 எழுத்தில் ஒரு அடையாளம் கொடுத்துத் தனித்தனி அறையில் வைக்கும். புதியது வந்தால் பழையதன் மேல் எழுதாது, பக்கத்தில் வேறு அறை கொடுக்கும். அதனால்தான் பின்னால் போக முடிகிறது. அந்த 32 எழுத்தில் ஆங்கில ஈ, ஓ, டி, யூ நான்கும் வராது. தற்செயலாகக் கெட்ட வார்த்தை ஏதும் அமைந்துவிடக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் போலும்!

எனக்குப் பிடித்துப்போனது வேறு. இதற்கென்று தனியாக ஒரு மொழி உண்டு. அதில் எழுதிய கோவையை, எதையும் நிறுவாமல், 'இதன் மதிப்பு என்ன' என்று மட்டும் கறுப்புத் திரையில் கேட்கலாம். நிக்ஸ்-இன்ஸ்டான்ஷியேட் என்று அடித்து, இரட்டைக் கோடு போட்டு ஈவல், ஒற்றைக் கோடு போட்டுப் பெரிய ஈ, கடைசியில் ஒற்றை மேற்கோளுக்குள் 1 + 2 என்று கொடுத்தால் 3 என்று பதில் வரும். கணக்குப் பிரிவில் 38 வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது போதாதா? ஒரு வாரம் இதையே கால்குலேட்டராக வைத்துக்கொண்டேன்.

முதல் அடி வகுத்தலில் விழுந்தது. இடைவெளி விடாமல் 6/3 என்று அடித்தேன். 2 வரவில்லை. என் பெயரில் இருக்கும் கோப்புறையின் முகவரியும் அதன் வாலில் 6/3-ம் வந்தது. நான் வகுக்கச் சொன்னதை அது பாதை என்று படித்திருக்கிறது. இடைவெளி விட்டு 6 / 3 என்று கொடுத்தால் ஒழுங்காக 2. அடுத்து 7 / 2 கேட்டேன், 3 என்றது. அரையை விழுங்கிவிட்டது. 7.0 என்று புள்ளி வைத்துக் கேட்டால்தான் 3.5. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும் என்று எங்கள் பழைய சூப்பிரண்ட் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஞாபகம் வந்தது.

பிறகு ஒருநாள் வேண்டுமென்றே ஒரு விஷமம் செய்தேன். சதுர அடைப்புக்குள் இரண்டே இனங்கள்: 10 / 2, 10 / 0. பூஜ்யத்தால் வகுத்தால் எந்த இயந்திரமும் அலற வேண்டும் அல்லவா? பில்ட்இன்ஸ் லெங்த் என்ற கட்டளையால், 'இந்தப் பட்டியலில் எத்தனை இனம்' என்று கேட்டேன். அமைதியாக 2 என்றது. பட்டியலையே காட்டு என்றேன். இரண்டு இடத்திலும் கூர் அடைப்புக்குள் 'கோட்' என்ற சொல்லை மட்டும் போட்டுக் காட்டியது. உள்ளே ஏதோ இருக்கிறது, இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கடைசியாக ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லையும் கட்டளையில் சேர்த்துக் கேட்டேன். அப்போதுதான் பூஜ்யத்தால் வகுக்கிறாய் என்று பிழை காட்டி நின்றது.

பேரனிடம் கேட்டேன். "அது லேசி தாத்தா, சோம்பேறி. யாராவது கேட்டால்தான் கணக்குப் போடும்" என்றான். இந்த நிக்ஸின் தொகுப்பில் 80,000க்கும் மேற்பட்ட மென்பொருள்களுக்கான குறிப்புகள் இருக்கின்றன. ஒன்றின் பதிப்பு எண்ணைக் கேட்டதற்காக அத்தனையையும் கணக்குப் போட்டால் விடிந்துவிடும். கேட்டதையும் அதற்குத் தேவையானதையும் மட்டும் பிரித்துப் பார்த்துச் சட்டென்று பதில் சொல்கிறது. அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் 1976ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவு. பணிப்பதிவேடுகள் என் பொறுப்பு. வேறு கோட்டத்திலிருந்து மாறுதலில் வந்திருந்த ஒருவருடைய பதிவேட்டில், 1971 முதல் 1975 வரையிலான சேவைக்குச் சரிபார்ப்புச் சான்று இல்லை. பழைய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பக்க ஓரத்தில் பென்சிலால் 'எழுதிக் கேட்கவும்' என்று குறித்தேன். எழுதவில்லை. அடுத்த மாதம் பிரிவு மாறினேன், மறந்தும் போனேன்.

வருடா வருடம் ஆய்வுக்கு வந்தார்கள். பீரோவைத் திறப்பார்கள், பதிவேடுகளை எண்ணுவார்கள், ரிஜிஸ்டரோடு எண்ணிக்கை சரியாக இருக்கும், கையெழுத்துப் போடுவார்கள். பில்ட்இன்ஸ் லெங்த்! 25 வருட சேவை முடிந்ததும் முழுச் சேவையையும் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்று விதி இருந்தது. அதுதான் ஸ்ட்ரிக்ட். அதை அங்கே யாரும் செய்யவில்லை.

அவர் 2004ல் ஓய்வு பெறும்போதுதான் அந்தப் பக்கத்தை முதன்முதலாக ஒருவர் 'கேட்டார்'. அப்போது முழு ஓய்வூதியத்துக்கு 33 வருடம் வேண்டும். அவருக்குச் சரியாக 33. நான்கைக் கழித்தால் 29. தற்காலிக ஓய்வூதியம் போட்டுப் பணிக்கொடையை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பணத்தை நம்பி வைகாசியில் மகள் கல்யாணம் வைத்திருந்தார். நான் அதற்குள் வேறு அலுவலகத்தில் கணக்கு அதிகாரி. "தம்பி, நீங்க பார்த்துச் சொன்னா நடக்கும்" என்று வந்து நின்றார். பதிவேட்டை வரவழைத்துப் பிரித்தேன். பக்க ஓரத்தில் என் கையெழுத்து. பென்சில் கொஞ்சம்கூட மங்கவில்லை.

ஓடினேன். பழைய அலுவலகத்தின் சம்பளப் பட்டியல்களைக் கரையான் தின்றிருந்தது. அவரோடு அந்த நாளில் வேலை பார்த்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து எழுதி வாங்கி, அவரும் எழுத்து மூலம் அறிக்கை கொடுத்து, எல்லாம் முடிய எட்டு மாதம். கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. சம்பந்தி வீட்டில் பேச்சு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பணம் வந்த அன்று ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "உங்களாலதான் தம்பி" என்றார்.

பதிவேட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முந்தின மாலை, அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பென்சில் வரியை ரப்பரால் அழித்தேன். அவர் 2017ல் காலமாகிவிட்டார். அவரிடம் சொல்லவில்லை. வீட்டம்மாவிடமும் இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.