நாலு ஐம்பது எவ்வளவு?



காஞ்சிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மூன்றைச் சொல்வார்கள். பட்டு, கோயில், இட்லி. நான்காவதாக ஒன்றை நான் சேர்த்துக்கொள்வேன். வண்டி! முகூர்த்த மாதத்தில் காந்தி ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். கல்யாணப் புடவை எடுக்க வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு காரிலும் ஒரு பாட்டு ஓடும். ஆனால் காது கொடுத்துக் கேட்டால் முக்கால்வாசி கார்களில் ஓடுவது பாட்டு இல்லை, இரைச்சல்! லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரில் சில நூறு ரூபாய் ட்ரான்சிஸ்டர் அளவுக்குக்கூடப் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லையே, ஏன்? எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் என்ற முறையில் எனக்குள் எழுந்த இந்தக் கேள்விதான் கட்டுரைக்குக் காரணம்.

கொஞ்சம் பழைய கதை. கார் ரேடியோவுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1930ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காருக்கென்று ஒரு ரேடியோவைச் செய்து, அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் கம்பெனிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் ஆசை வந்தது. அந்தக் காலத்தில் விலை குறைந்த மாடல்களில் ஸ்டீரியோ கிடையாது. டேஷ்போர்டில் 180க்கு 50 மில்லிமீட்டரில் ஓர் ஓட்டை இருக்கும், அதன்மேல் ஒரு மூடி. அவ்வளவுதான். வண்டியை எடுத்ததும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் அவரவர் வசதிக்கு ஒரு செட்டைச் சொருகிக்கொள்வார்கள். அது பொது அளவு என்பதால் பெரும்பாலான செட்டுகள் பெரும்பாலான கார்களில் உட்காரும்.

இப்போது கம்பெனியே வைத்துத் தருகிறது. நல்லதுதானே என்பீர்கள். வைத்துத் தருவது வேறு, நன்றாக வைத்துத் தருவது வேறு!

இனி எங்கள் வீட்டுக் கதை. பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு குழித்தறி இருந்தது. அப்பா அதில் முப்பது வருஷம் உட்கார்ந்தார். தறிக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ. தாத்தா காலத்தில் இலங்கை வானொலி, அப்பா காலத்தில் சென்னை வானொலி. கை நாடா தள்ளும், கால் மிதிக்கும், காது மட்டும் ஊர் உலகமெல்லாம் சுற்றி வரும். தறிக்காரருக்கு நியூஸ் பேப்பர் பிரிக்கக் கை ஏது? அவருடைய பேப்பர், சினிமா, பள்ளிக்கூடம் எல்லாமே அந்தப் பெட்டிதான்.

அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. பள்ளத்தில் இறங்கி ஏற முடியவில்லை. தறியை விற்றோம். அந்தப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, அண்ணன் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுத்து டாக்ஸியாக ஓட்டுகிறார். சென்னையிலிருந்து வருகிறவர்களைத் தறி வீடுகளுக்கு அழைத்துப்போய்க் காட்டுவதற்கு அப்பாவும் சில நாள் முன்சீட்டில் உட்கார்ந்து போவார். தறி போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. காரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"ரேடியோ சரியில்லடா. சத்தம் வருது, பேச்சு வரல."

அண்ணன் ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன், ஆம்ப்ளிஃபயர், பின்னால் ஒரு பேஸ் ட்யூப் எல்லாம் சேர்த்து 28,500 ரூபாய். "இப்ப இருக்கற செட் டம்மி தம்பி. இது நாலு ஐம்பது, மொத்தம் இருநூறு வாட்டு!" என்று கடைக்காரர் சொன்னாராம். வீட்டில் கையிருப்பு 30,000. அது தறி விற்றதில் மிச்சம். டிப்ளமோ முடித்ததும் நான் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேருவதற்காக அம்மா பேங்கில் போட்டு வைத்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீதானே எலக்ட்ரானிக்ஸ் படிக்கற? சொல்லு. போடலாமா, வேணாமா?"

நண்பர்களே, வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்குக்கூட நான் இப்படி வியர்த்ததில்லை. மூன்று வருஷத்தில் என் படிப்பை நம்பி வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். "எனக்குப் பணம் வேணும், அதனால வேணாம்" என்று சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். போட்டேன்.

எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஐ.சி. பிரிட்ஜ் முறையில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளுகிறது. எவ்வளவு முக்கினாலும் சைன் அலையின் உச்சம் 14.4 வோல்ட்டைத் தாண்டாது. அதை 1.414ஆல் வகுத்தால் ஆர்.எம்.எஸ். சுமார் 10.2 வோல்ட். அதன் வர்க்கம் 104. நாலு ஓம் ஸ்பீக்கர், எனவே நாலால் வகுத்தால் 26 வாட். ஐ.சி.யில் வீணாவதைக் கழித்தால் கைக்கு வருவது இருபது வாட் சுமார்.

அப்படியானால் ஐம்பது எங்கிருந்து வந்தது? 14.4ன் வர்க்கம் 207. நாலால் வகுத்தால் 52! அதாவது, பாட்டுக்குப் பதில் சதுர அலையை ஓடவிட்டால் வருகிற கணக்கு. சதுர அலையை யாராவது உட்கார்ந்து ரசிப்பார்களா? இன்னொரு வழியிலும் சரி பார்க்கலாம். அந்த மாதிரி செட்டுகளின் பின்னால் இருக்கும் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர். 14.4 வோல்ட்டை 10ஆல் பெருக்கினால் 144 வாட். உள்ளே போவது 144, வெளியே வருவது 200! இப்படி ஒரு பெட்டி நிஜமாகவே இருந்தால் யாரும் கரண்ட் பில்லே கட்ட வேண்டாமே!

இதை அப்பாவிடம் சொன்னேன். வாட் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. "டூப்ளிகேட் ஜரிகைன்னு சொல்லு" என்றார். "பளபளப்பு இருக்கும். உரசிப் பார்த்தா உள்ள சிவப்பு நூல் இருக்காது."

அண்ணன் விடவில்லை. "சரி, வாட்டு பொய்யாவே இருக்கட்டும். தனி ஆம்ப்ளிஃபயர் போட்டா நிஜமா அம்பது வருமில்ல?" வரும். ஆனால் சக்தி இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் பட வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். தவிர, அப்பா கேட்டது சத்தம் இல்லையே! பேச்சு அல்லவா கேட்டார்?

அண்ணனுக்கு ஸ்க்ரீன் போய்விடுமோ என்று வருத்தம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் அப்பாதான் வழி சொன்னார்: "முதல்ல பிரிச்சுப் பாருங்கடா. பிரிக்காம எந்தத் துணிக்கும் விலை சொல்லக்கூடாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்கதவுகளின் பேனலைக் கழற்றினோம். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு பென்சில் பேட்டரி. பார்த்தது இவ்வளவுதான்.

ஒன்று: ஸ்பீக்கர் காயில் இரண்டும் 3.4 ஓம் காட்டின. நாலு ஓம் ஸ்பீக்கருக்கு டி.சி.யில் அப்படித்தான் இருக்கும். ஆக, எரிந்துபோகவில்லை. ஆனால் மெல்லிய காகிதக் கோன், மூன்று விரல் அகலம்கூட இல்லாத மேக்னட்.

இரண்டு: ஒயர் முனையில் ஒன்றரை வோல்ட் செல்லைத் தொட்டபோது ஒரு ஸ்பீக்கரின் கோன் வெளியே வந்தது, இன்னொன்று உள்ளே போனது. முன்பு யாரோ கழற்றி மாட்டியபோது ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும்? இரண்டு ஒயரை மாற்றினோம். செலவு பூஜ்யம்.

மூன்று: கதவின் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஸ்பீக்கரின் பின்பக்க அலை அவற்றின் வழியே வெளியே வந்து முன்பக்க அலையை அடித்துவிடுகிறது.

நான்கு, இதுதான் முக்கியம்: ட்வீட்டர் கிடையாது. இருக்கிற ஒரே ஜோடி ஸ்பீக்கரும் முழங்காலுக்குக் கீழே. உயர்ந்த அதிர்வெண் ஒலி டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். அது போய்ச் சேருவது நம் காலுக்கு. காதுக்கு இல்லை. ச, ஸ, ஷ போன்ற மெய்களின் ஓசை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வயதாக ஆக முதலில் மங்குவதும் அந்த உயர்ந்த ஒலிதான். ஆக அப்பாவுக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை! "சத்தம் வருது, பேச்சு வரல" என்பதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

எனவே வாங்கியது: ட்வீட்டர் தனியாக உள்ள காம்போனென்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 3,600 ரூபாய். கதவு ஓட்டைகளை மூட ஒட்டும் டேம்பிங் ஷீட், 800. கனெக்டர், டேப், ஸ்க்ரூ, 250. மொத்தம் 4,650. பழைய செட் அப்படியே இருக்கிறது. ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் சென்சிடிவிட்டியைப் பார்த்தேன். அது 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம்.

ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத் தூணில், காது மட்டத்தில் வைத்தோம். அதன் ஒயரில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். 10 மைக்ரோ ஃபாரட், 4 ஓம் என்று ஃபார்முலாவில் போட்டால் வெட்டும் இடம் சுமார் 4,000 ஹெர்ட்ஸ். "இதெதுக்குடா?" என்றார் அப்பா. "கனத்த சத்தம் கீழ போகணும், மெல்லிசு மேல போகணும். ரெண்டும் சேர்ற இடம் காதுக்குத் தெரியக்கூடாது" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். "கோர்வைடா இது!"

ஆமாம். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் தறியில் அது அம்மா. இரண்டு நிறமும் பூட்டிக்கொள்ளும் இடத்தில் இடைவெளி விழுந்தால் புடவை கிழியும், ஏறி விழுந்தால் அசிங்கமாகத் தெரியும். முப்பது வருஷம் அதைச் செய்தவருக்கு க்ராஸ்ஓவர் என்றால் என்ன என்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பெங்களூர் ஹைவேயில் ஓட்டிப் பார்த்தோம். எஃப்.எம். ரெயின்போவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாங்கவில்லை, விற்கவில்லை என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சு முடிந்து பாட்டு வந்ததும், "பேசினவங்க பேரு காதுல விழுந்துது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் சவுண்டைக் கொஞ்சம் ஏற்றினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதிரும் பேஸ் இன்னும் இல்லை. நாலு இன்ச், அஞ்சு இன்ச் ஸ்பீக்கரில் அது வராது, அதற்கு சப்வூஃபர் வேண்டும். அண்ணனுக்கு ஸ்க்ரீன் ஆசையும் போகவில்லை, இப்போதைக்கு செல்போன் ஸ்டாண்டில் மேப் ஓடுகிறது. பேங்கில் 25,350 இருக்கிறது.

இதே வேலையைச் செய்ய நினைக்கிற நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பெனி ஒயரை வெட்டாதீர்கள், மாற்றுக் கனெக்டர் கிடைக்கிறது. ஸ்பீக்கர் மைனஸை பாடியில் எர்த் செய்யாதீர்கள், பிரிட்ஜ் ஐ.சி. போய்விடும். தனி ஆம்ப்ளிஃபயர் போட்டால் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வையுங்கள். அது ஸ்டீரியோவைக் காப்பாற்ற இல்லை, வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. கதவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை மறுபடி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். புது வண்டியாக இருந்தால் வாரண்டி விதியைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

இப்போதைய கார்களில் ஸ்டீரியோ டேஷ்போர்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டு, ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன் எல்லாவற்றோடும் பின்னிக்கிடக்கிறது. அன்றைய ஓட்டையில் யாரும் எதையும் சொருகலாம். இன்று ஒரு திருகைக் கழற்றவே யோசிக்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றோடு வாகனமும் அதன் பட்டியலில் இருந்தது. அந்த உரிமை யாருக்கு அதிகம் தேவை? ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த நமக்குத்தான்!

தோழர்களே, நம்மில் பல பேர் நாளை இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ அப்ரண்டிஸாக லைனில் நிற்கப்போகிறோம். கதவுக்குள் ஸ்பீக்கர் மாட்டும் கை நம்முடையதாக இருக்கலாம். அந்த ஸ்பீக்கரின் விலையை முடிவு செய்வது நாமாக இருக்க மாட்டோம். ஆனால் பிளஸ் பிளஸாகவும் மைனஸ் மைனஸாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. எங்கோ ஓர் ஊரில், முன்சீட்டில் ஒரு பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.