ஒரு உருட்டலில் திருநெல்வேலி

எங்கள் உத்திர வீதியில் இருக்கும் அக்கா ஒருவர் போன வருஷம் ஒரு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பித்தார். "நீ கம்ப்யூட்டர்தானேடா படிக்கிற, போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு மையம்: திருநெல்வேலி!

சத்தியமாக நான் திருச்சியைத்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு எப்படி?

சொடுக்கினால் பட்டியலாக விரியும் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'டிராப் டவுன்' என்பார்கள். 1995-ல் வந்த எச்.டி.எம்.எல். 2.0-விலேயே அது உண்டு. 38 மாவட்டங்களையும் ஒரு வரி இடத்தில் மடித்து வைத்துவிடலாம். இன்னொரு வசதி, எழுத்துப் பிழை வராது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி, டிரிச்சி, திருச்சிராப்பள்ளி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று ஊர்கள். பட்டியல் கொடுத்துவிட்டால் ஒரே ஊர்தான்.

சில படிவங்களில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் மாவட்டம் திறக்கும், மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் ஸ்ரீரங்கம் தாலுகா கண்ணில் படும். ராஜகோபுரத்துக்குள் நுழைந்து, அடையவளஞ்சான், சித்திரை வீதிகளைத் தாண்டி எங்கள் உத்திர வீதிக்கு வருகிற மாதிரி!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊரைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் மூடிய பிறகும் அந்தப் பெட்டி 'விழித்துக்கொண்டே' இருக்கும். பக்கத்தைக் கீழே இறக்க மவுஸ் சக்கரத்தை உருட்டினேன். சில பிரவுசர்களில் அப்போது நகர்வது பக்கமல்ல, பெட்டிக்குள் இருக்கும் ஊர்! ஆங்கில அகரவரிசையில் திருச்சிராப்பள்ளிக்கு அடுத்தது திருநெல்வேலி. ஒரே உருட்டல், ஏறத்தாழ 300 கிலோமீட்டர்.

கையால் தப்பாக எழுதியிருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்கும். பட்டியலில் நேரும் தப்பு, பிழையில்லாத எழுத்தில், சரியான பதில் மாதிரியே உட்கார்ந்திருக்கும். அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒரு முறை காட்டும் பக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. நான் அதைப் படிக்காமலே 'சரி' கொடுத்தவன்.

இப்போதெல்லாம் தேர்ந்தெடுத்ததும் வெற்றிடத்தில் ஒரு சொடுக்கு சொடுக்கிவிட்டுத்தான் சக்கரத்தைத் தொடுகிறேன். கடைசிப் பக்கத்தை விண்ணப்பிப்பவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

அக்கா ராத்திரி பஸ்ஸில் போய்த் தேர்வு எழுதினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "உன் புண்ணியத்துல நெல்லையப்பரைப் பாத்துட்டேன்டா" என்று அல்வாப் பொட்டலத்தை நீட்டினார்.

யாருக்கு யார் அல்வா கொடுத்தது என்று எனக்குத் தெரியும். தொண்டையில் இறங்கவில்லை.