கறையான் அரிக்கவில்லை

என் மாமியாருடைய பி.எஃப். சீட்டுகளை எடைக்குப் போட்டவள் நான். அவர் கேட்டபோது கறையான் அரித்துவிட்டது என்றேன். அது பொய். அந்தப் பொய்யை வருடக்கணக்கில் காப்பாற்றினேன். படிக்கிறவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் சொல்லட்டும். நடந்ததை முழுக்கத் தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

போடிநாயக்கனூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். ஓர் அறை, ஓர் அடுப்படி, தலைக்கு மேல் ஒரு பரண். ஆட்கள் ஐந்து பேர். என் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கடையில் எடை போட்டு மூட்டை தைக்கிறார். அத்தை விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, இடுக்கித் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார். காய் இல்லாத மாதங்களில் களை எடுக்கக் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இப்படிக் கூடியும் குறைந்தும் வருகிற பணத்தில் குடும்பத்தைக் கட்டுசெட்டாக நடத்தும் கெட்டிக்காரத்தனம் என்னிடம் இருந்தது. கெட்டிக்காரத்தனத்தை விடக் கர்வம் அதிகமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை உறைகளைத் தூக்கிப் போட மாட்டேன். ஒவ்வொன்றிலும் பேர் எழுதிப் பணத்தைப் பிரித்து வைப்பேன். வாடகை, சீட்டு, குழுத் தவணை, பால், கரண்டு. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் மாதாமாதம் பாதியைப் போட்டுவிடுவேன். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. சரக்கு இறங்கிய அன்றைக்கே வரிசையில் நிற்பேன். மகளிர் குழுக் கூட்டத்தில் என்னைக் காட்டி, "குடும்பம் நடத்துறதுன்னா இவளப் பாத்துக் கத்துக்கங்க" என்பார்கள். அந்தச் சொல்லை மறுபடி கேட்பதற்காகவே இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. எது வேண்டாம் என்று நானே முடிவு செய்வேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மலைத் தோட்டங்கள் பலவும் அடிபட்டன. அடுத்த வருடம் மழை தள்ளிப்போனது. வரத்துக் குறைந்து விலை எகிறியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது டீக்கடையிலும் குழாயடியிலும் அதே பேச்சு. காயின் விலை ஏறுகிற வேகத்தில் காய் எடுக்கிறவளின் கூலி ஏறாது. எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் தீபாவளிக்கு வீட்டுக்காரருக்குக் கிடைத்த போனஸ்தான். அதில் கொஞ்சத்தை ஒதுக்கி வீட்டை அடுக்க நினைத்தேன். போனில் பார்த்த வீடியோக்களில் அடுப்படி அலமாரி முழுக்க ஒரே அளவு, ஒரே நிற மூடி போட்ட டப்பாக்கள். எனக்கும் அப்படி வேண்டும். இடம்தான் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அத்தையின் டிரங்குப் பெட்டி.

அத்தை ஒரு காலத்தில் மலையில் பெரிய எஸ்டேட் ஒன்றில் பெர்மனென்ட் ஆள். கல்யாணமான புதிதில் சேர்ந்தவர், 2007 வரைக்கும் அங்கே தொழிலாளர் லயத்தில்தான் இருந்தார். மாமா இறந்தபின் கணக்கு முடித்துக்கொண்டு பிள்ளைகளோடு போடிக்கு இறங்கினார். இறங்கும்போது கொண்டுவந்த ஒரே சொத்து அந்தப் பெட்டி. துருப்பிடித்த தகரம். திறந்தால் புகையும் ஏலக்காயும் கலந்த ஒரு வாடை. அதை எடுத்துவிடலாம் என்று கேட்டேன். "இருக்கட்டும் தாயி, அதுல எஸ்டேட்டு காயிதம் கெடக்கு" என்றார். நான் விடவில்லை. வாக்குவாதம் முற்றி, "ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா, காயிதத்த வச்சு என்ன செய்யப் போறீங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல ஜீப்புக்குப் போய்விட்டார்.

அவர் மலையில் இருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். பழைய சேலைக் கிழிசலில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே நீளநீளமான சீட்டுகள். ஆங்கிலத்தில் எம்ப்ளாயீஸ் பிராவிடன்ட் ஃபண்ட் என்று அச்சடித்திருந்தது. நான் பிளஸ் டூ படித்தவள். எழுத்துக் கூட்டாமலே படிக்க முடிந்தது. கே.ஆர். என்று தொடங்கும் ஒரு எண்கூடக் கண்ணில் பட்டது. பி.எஃப். என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பழசு, இனிமேல் இதில் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் முந்தின நாள் சண்டையில் நான் தோற்றதாக ஆகும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். தகரம், காகிதம் எல்லாம் சேர்த்து 140 ரூபாய். அதில் நாலு டப்பா வாங்கினேன்.

அத்தை வந்து பார்த்தார். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். "காயிதம் எங்க தாயி?" என்றார். "துணியெல்லாம் பையில கட்டி வச்சிருக்கேன். காயிதம் கறையான் அரிச்சுப்போச்சு அத்தை, தொட்டா உதிருது" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். அவர் நம்பினார். "நாந்தான் வேப்பெல போட்டு வச்சிருக்கணும்" என்றார்.

இதை எழுதும்போது அதிகமாகக் கூசுவது அந்த இடத்தில்தான். எடைக்குப் போட்டது ஒரு மதியத்துத் திமிர். ஆனால் பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டபோது நான் சும்மா இருந்தேன். அதற்குப் பிறகும் ஜீப்பில் கூட வருகிற பெண்களிடம், "என் கவனக்கொறவு, கறையானுக்குக் குடுத்துட்டேன்" என்று அவர் சொல்வது காதில் விழும். அப்போதும் சும்மா இருந்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. போடிமெட்டுச் சோதனைச் சாவடியை அடைத்தார்கள். ஜீப் ஓடவில்லை. கடையும் மூடல். என் உறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நான் பெருமைப்பட்ட கணக்கெல்லாம் சம்பளம் என்ற ஒன்று வரும்வரைக்கும்தான். அந்த வருடம் அத்தைக்கு 58 முடிந்தது. அவரோடு லயத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு பி.எஃப். பென்ஷன் வரத் தொடங்கியதாகச் செய்தி வந்தது.

சட்டம் இதுதான். 1995 நவம்பரில் வந்த ஓய்வூதியத் திட்டப்படி பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. அத்தைக்கு அந்த நவம்பருக்குப் பின்னால் மட்டும் பதினோரு வருடச் சேவை. 2014 முதல் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். வேலை மாறினாலும் மாறாத யு.ஏ.என். எண் வந்ததும் 2014-இல்தான். அதற்கு முன்னால் வேலையை விட்டவர்களுக்குப் பழைய கணக்கு எண்தான் ஆதாரம். அந்த எண் சீட்டில் இருக்கும். எஸ்டேட் கைமாறிவிட்டது. பழைய ரிஜிஸ்தர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

2023 செப்டம்பரிலிருந்து எனக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது. குடும்பத் தலைவி நான்தான். அத்தைக்கும் அதே ஆயிரம் வந்திருக்கும், அவர் உழைத்துச் சம்பாதித்த ஆயிரம். மூட்டுவலி வந்தபின்னும் அவர் ஜீப்பில் போவதை நிறுத்தவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஆளை அடைத்துக்கொண்டு போகிற ஜீப் அது. இருட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போவார். எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

கடைசியில் வீட்டுக்காரர் மனு எழுதலாம் என்றார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். சீட்டுகள் தொலைந்த காரணம் எழுத வேண்டும். "கறையான் அரித்துவிட்டது" என்று எழுதினேன். கை தயங்கவில்லை, எழுதியே விட்டேன். கீழே அத்தை பெருவிரலை வைத்து உருட்டினார். என் பொய்க்கு அவர் ரேகை. அதைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது. அத்தனை வருடம் திறக்காத வாய் அன்றைக்குத் திறந்ததற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். பயந்துதான் சொன்னேன்.

வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை மட்டும் கேட்டார்: "எத்தன ரூவாய்க்குப் போட்ட?"

சொன்னேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

மனுவைக் கிழித்து வேறு எழுதினோம். என் தவறால் எடைக்குப் போய்விட்டன என்று எழுதி, அதன் கீழ் நானும் கையெழுத்துப் போட்டேன். லயத்துத் தோழி தன் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். எஸ்டேட்டின் எண் எல்லாருக்கும் ஒன்றே, அது கிடைத்துவிட்டது. அதற்குப் பின்னால் வருகிற, அத்தைக்கே உரிய எண்தான் தெரியவில்லை. அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தவள் நான். எனக்கு அது ஞாபகம் இல்லை. பென்ஷன் இன்னும் வரவில்லை. அத்தை இன்றைக்கும் மலைக்குப் போயிருக்கிறார்.