எனக்குப் பிடிக்கும் = மே குஸ்தா

ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிக்கிற பலரையும் முதல் மாசத்திலேயே குழப்புற வினைச்சொல் ஒண்ணு இருக்கு: குஸ்தார். ஒரு விஷயம் நமக்குப் பிடிக்கும், பிடிக்காது என்று சொல்ல இதுதான் வேணும்.

நான் பார்த்த பாடங்கள் எல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான். 'ஐ லைக் ரெயின்' என்பதில் 'நான்' எழுவாய். ஸ்பானிஷிலோ 'மே குஸ்தா லா யூவியா'. இங்கே எழுவாய் மழை! "இது தலைகீழ் வினை, மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றது பாடம்.

இப்போ நம்ம தென்காசித் தமிழில் சொல்லிப் பாருங்க: "எனக்குச் சாரல் பிடிக்கும்." இதில் 'நான்' எங்கே இருக்கு? 'மே' என்றால் எனக்கு, 'தே' என்றால் உனக்கு. ஸ்கூலில் படிச்ச நான்காம் வேற்றுமை, 'கு' உருபு, அவ்வளவுதான்.

தே குஸ்தா? – உனக்குப் பிடிக்குமா?
நோ மே குஸ்தா – எனக்குப் பிடிக்காது.
மே துவேலே லா கபேசா – எனக்குத் தலை வலிக்குது.

வித்தியாசம் இரண்டு இடத்தில் வரும். குற்றாலத்தில் பேரருவி மட்டும் பிடிக்கும் என்றால் 'குஸ்தா'. ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் எல்லாத்தையும் சேர்த்தால் 'குஸ்தான்': மே குஸ்தான் லாஸ் காஸ்காதாஸ். தமிழில் அருவியும் பிடிக்கும், அருவிகளும் பிடிக்கும், வினை மாறாது.

இரண்டாவது, ஆட்கள். "எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்று நாம் நட்பாகச் சொல்லலாம். 'மே குஸ்தாஸ்' என்றால் பெரும்பாலும் காதல்தான்! நட்புக்கு 'மே காயெஸ் பியென்' போதும். உஷார்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். காலேஜ் வந்த நாளிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கிற அறிவுரை, "முதல்ல தமிழ்ல யோசிக்கிறத நிறுத்துங்க." தமிழ் ஏதோ இறக்கி வைக்க வேண்டிய சுமை மாதிரி. இந்த ஒரு வினைச்சொல்லில் அந்தச் சுமைதான் எனக்குக் குறுக்குவழி ஆச்சு. ஆங்கிலம் நமக்கு வேணும், மறுக்கலை. ஆனா எல்லா மொழிக்கும் அதுதான் வாசல் என்று யார் சொன்னது? இந்தியின் 'முஜே பசந்த் ஹை'யும் 'எனக்கு' என்றுதானே தொடங்குது?

அதனால் புது மொழியில் ஒரு வாக்கியம் புரியலைன்னா, அதை வீட்டில் பேசுற தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

கடைசியா ஒரு ஹோம்வொர்க்: "எனக்கு பார்டர் புரோட்டா பிடிக்கும்" என்பதை ஸ்பானிஷில் சொல்லுங்க. புரோட்டா ஒண்ணா நாலா என்று எண்ணிட்டு, குஸ்தாவா குஸ்தானா என்று முடிவு பண்ணுங்க!