‘வாறேன்’ என்றால் வரவேண்டும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பழையாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் சுசீந்திரம். தாணுமாலயன் கோவிலின் 134 அடி கோபுரத்தையும் 18 அடி ஆஞ்சநேயரையும் பார்க்க வருகிறவர்கள், சுற்றியுள்ள தெருக்களிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். திண்ணைப் பேச்சு இன்னும் மிச்சமிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மை பேச ஆரம்பித்தால், நமக்கு உலை வைக்க நேரமிருக்காது. “அடுப்புல பால் இருக்கு” என்று சொல்லி நழுவுவேன். ஒருநாள் அவரே, “ஒன் வீட்டுப் பாலு தெனமும் பொங்குதா மக்களே?” என்று கேட்டுச் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், பேச ஆளில்லை. எனக்குச் சுருக்கென்றது.

இப்போது பொய் சொல்வதில்லை. உட்காரும்போதே, “பெரியம்மை, பத்து நிமிஷந்தான், பிறகு சமைக்கணும்” என்று சொல்லிவிடுகிறேன். நேரமானதும் அவர் கையைத் தொட்டு, “மிச்சக் கதையைச் சாயங்காலம் கேக்கேன்” என்று எழுந்துகொள்கிறேன். சனிக்கிழமை ஆஞ்சநேயர் சந்நிதிக்குச் சேர்ந்தே போகிறோம். அன்று அவர் பேச்சுக்குத் தடையே இல்லை.

எங்கள் பக்கம் விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டோம், ‘வாறேன்’ என்போம். சொன்னபடி திரும்பி வந்தால், பாதியில் எழுந்து போனதை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளமாட்டார்கள், சகோதரிகளே!