எதிரே ஓர் ஆள்

பெர்லினில் யூ5 சுரங்க ரயிலில் ஏறி வேபர்வீஸ நிலையத்தில் இறங்கினால் கார்ல் மார்க்ஸ் அலே வந்துவிடும். 1961 வரை இந்தச் சாலைக்கு ஸ்டாலின் பெயர். தொழிலாளர்களுக்கான அரண்மனைகள் என்று கிழக்கு ஜெர்மனி பெருமையோடு எழுப்பிய அடுக்குமாடிகள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. 1953 ஜூனில் அவற்றைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களே வேலையை நிறுத்திவிட்டு அரசை எதிர்த்து ஊர்வலம் கிளம்பியதும் இங்கிருந்துதான். அப்படிப்பட்ட சாலையில், காஃபே வார்சாவ் என்ற பழைய உணவகம் இருந்த இடத்தில், இப்போது வீடியோ கேம் அருங்காட்சியகம் இருக்கிறது. 1997இல் வேறு இடத்தில் தொடங்கியது. 2011இல் இங்கே குடிவந்தது.

வாசலில் நாங்கள் நால்வர். பல வருடங்களாக ஆன்லைனில் ஒரே குழுவாக ஆடுகிறவர்கள். குரல் பழகியது, முகம் புதிது. சொந்தப் பெயரைவிட ஆட்டத்தில் அவரவர் பார்க்கும் வேலைதான் சட்டென்று வாயில் வருகிறது. எல்லோருக்கும் முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க், ராட்டர்டாம்காரன். அடிபட்டவர்களைத் தேற்றும் ஹீலர் வார்சாவிலிருந்து வந்திருந்தாள். தூர நின்று அம்பு விடும் ஆர்ச்சர், லைப்சிக்கைச் சேர்ந்தவர். ஐம்பதைத் தாண்டியவர் என்பது நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்ப்பவன். “எங்க ஊர் பேர்ல இருந்த கடை. எனக்கு டிக்கெட்ல தள்ளுபடி கிடையாதா?” என்று ஹீலர் கேட்டாள். கிடைக்கவில்லை.

உள்ளே முதலில் என்னை நிறுத்தியது நிம்ராட். இங்கிலாந்தின் ஃபெராண்டி நிறுவனம் 1951இல் செய்த கணினியின் மாதிரி வடிவம். அதற்குத் தெரிந்தது ‘நிம்’ என்ற ஒரே ஆட்டம். புளியங்கொட்டைகளைச் சில குவியல்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக ஏதாவது ஒரு குவியலிலிருந்து வேண்டிய அளவு எடுப்பது போன்ற விளையாட்டு. கடைசிக் கொட்டை யார் கைக்கு வருகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி. கணினியின் கணக்குத் திறமையைக் காட்டுவதற்காகச் செய்தார்கள். கூட்டமோ, ஆடிப் பார்க்கத்தான் வந்தது. லண்டனில் காட்டிய பிறகு அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு பெர்லினுக்குக் கொண்டுவந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட் அதனுடன் ஆடித் தோற்றார். போரில் நொறுங்கிய பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திய மனிதர், விளக்கு மினுக்கும் ஓர் அலமாரியிடம் தோற்றதைப் பார்க்க எத்தனை பேர் முண்டியடித்திருப்பார்கள்!

நிம்ராடில் எதிராளி இயந்திரம். இருபது ஆண்டுகள் கழித்து வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸியில் அது தலைகீழ். 1972இல் வெளியான இதுதான் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் முதல் கேம் கருவி. சத்தம் கிடையாது, மதிப்பெண்ணைத் தாளில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மைதானமும் காடும் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு ஆடுவார்கள். அதன் டேபிள் டென்னிஸில் மறுபக்க மட்டையை அசைக்கக் கருவிக்குத் தெரியாது. பக்கத்தில் இன்னொரு மனிதர் உட்கார்ந்தால்தான் ஆட்டம். இதை உருவாக்கிய ரால்ஃப் பேர் ஜெர்மனியில் பிறந்த யூதர். பள்ளியிலிருந்து விரட்டப்பட்டு, 1938இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பியவர். துரத்திய நாட்டின் தலைநகரில் அவருடைய கண்டுபிடிப்பைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆர்ச்சரைக் காணோமே என்று தேடினால், பழுப்பு மரப்பெட்டி ஒன்றின் முன்னால் குனிந்திருக்கிறார். பாலி-பிளே. கிழக்கு ஜெர்மனி தயாரித்த ஒரே ஆர்கேட் இயந்திரம். கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று அப்போது பெயர் கொண்டிருந்த கெம்னிட்ஸ் நகரின் அரசுத் தொழிற்சாலையில் எண்பதுகளின் நடுவில் பிறந்தது. ஒரு பெட்டிக்குள் எட்டு ஆட்டங்கள்: மான் வேட்டை, கார் பந்தயம், பட்டாம்பூச்சி பிடிப்பது, தண்ணீர்க் குழாய் உடைவது… துப்பாக்கிப் போரைவிடக் குழாய் ரிப்பேர் பத்திரம் என்று நினைத்தார்களோ என்னவோ. ‘முயலும் ஓநாயும்’ என்பது பேக்-மேனைப் பார்த்துச் செய்தது. பேய்களுக்குப் பதிலாக, சோவியத் கார்ட்டூனிலிருந்து வந்த ஓநாய்கள் துரத்தும்.

“லீவு விடுதியில இது ஒண்ணு இருந்துச்சு. ஒரு தடவை ஆட ஐம்பது ஃபென்னிக். பின்னால வரிசை நிக்கும். நாம ஆடுறதைவிட மத்தவங்க ஆடுறதுக்கு வழி சொல்றதுதான் அதிகம்” என்றார் ஆர்ச்சர். அவர் இப்போதும் அப்படித்தான். ஹெட்செட்டில் எங்களை இடது வலது என்று ஏவுகிற அந்தக் குரல் எங்கே பழகியது என்று புரிந்தது. ஜெர்மனி இணைந்த பிறகு இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டார்கள். தப்பியவை கொஞ்சம், அதில் ஒன்றில்தான் அவர் ஓநாயிடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கமான அருங்காட்சியகம்போல் இங்கே ‘தொடாதே’ என்ற அதட்டல் அவ்வளவாக இல்லை. எழுபதுகள், எண்பதுகளின் வீட்டு அறைகளைப் போலவே அமைத்து, உட்கார்ந்து ஆட விடுகிறார்கள். ஆளுயரத்தைத் தாண்டிய ராட்சத ஜாய்ஸ்டிக் ஒன்றும் உண்டு. ஒருவர் தண்டைக் கட்டிப்பிடித்துத் தள்ள, இன்னொருவர் பொத்தானை அழுத்த வேண்டும். எங்களுக்கு அது கைவந்த கலை.

மிரட்டியது பெயின்ஸ்டேஷன். கொலோனைச் சேர்ந்த இரண்டு கலைஞர்கள் 2001இல் செய்த, மட்டையால் பந்தைத் தட்டும் பாங் ஆட்டத்துக்கான மேஜை. இடது கையை மேஜைமேல் வைத்தபடி ஆட வேண்டும். பந்தைத் தவறவிட்டால் கைக்குச் சூடு, மின்னதிர்ச்சி, குட்டிச் சாட்டையால் அடி. கையை எடுத்தவர் தோற்றவர். வருடக்கணக்கில் எங்களுக்காக அடி வாங்கிய டேங்க், ஹீலருக்கு எதிரே மார்தட்டி உட்கார்ந்தான். முதல் சாட்டைக்கே கையை உதறிக்கொண்டு எழுந்தான். அன்று முழுக்க அவன் பட்ட கேலியை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

வெளியே வந்து காபி குடிக்கும்போது பேச்சு எங்கள் ஆட்டத்தின் பக்கம் திரும்பியது. அதை எப்படிக் காட்சிக்கு வைப்பது? ஒடிஸியைப் பெட்டியில் வைக்கலாம், பாலி-பிளேயைத் துடைத்து ஓட்டலாம். ஆன்லைன் ஆட்டம் சர்வரில் இருக்கிறது. நிறுவனம் அணைத்தால் போயிற்று. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் ஆட்டத்துக்கு 2012 நவம்பர் 30இல் நேர்ந்தது அதுதான். ஆனால் அதை ஆடியவர்கள் விடவில்லை. தாங்களே சர்வர் அமைத்து மீண்டும் ஓட்டினார்கள். 2024இல் நிறுவனமே அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. நிரலைச் சேமித்தால் மட்டும் அந்த நகரம் திரும்பியிருக்காது. நள்ளிரவில் யார் எங்கே நிற்பார், யார் யாரைக் காப்பாற்றுவார் என்ற பழக்கத்தோடு ஆட்களும் திரும்பி வந்ததால்தான் அது ஆட்டமானது.

பெர்லின் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: இந்த இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். நிம்ராடுக்கு நீங்கள் ஒருவர் போதும். மற்றவற்றில் பாதி, எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டால் வெறும் மரமும் கம்பியும்தான். கூட வர ஊரில் ஆள் கிடைக்கவில்லையா? ஹெட்செட்டில் கூப்பிட்டுப் பாருங்கள். ராட்டர்டாமிலிருந்துகூட வருவார்கள்.